காற்றைத் தேடி – 9: ஒரே வானில் நான்கு குடித்தனம்

ஒரு கலத்துக்குள் பல வாயுக்கள் கலந்திருக்கும்போது அதன் சுவரை அழுத்துவது எது? எல்லாம் ஒன்றுகூடி உருவான புதிய பொருளா, அல்லது ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்குத் தனித்தனியாகவா?

கேள்வி முதலில் எழுந்தது காற்றை வைத்துத்தான். 1774இல் பிரீஸ்ட்லி ஆக்சிஜனைப் பிரித்தெடுத்ததும், லவாய்சியர் அதற்குப் பெயர் சூட்டி எரிதலின் கணக்கை நேர்செய்ததும், கேவண்டிஷ் 60 நாட்கள் காற்றை அளந்து பார்த்து அதில் ஆக்சிஜனின் பங்கு மாறவேயில்லை என்று கண்டதும் இதுவரை வந்த பகுதிகள். 100 பங்கு காற்றில் ஏறத்தாழ 21 பங்கு ஆக்சிஜன். மீதி ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். கொஞ்சம் நீராவியும் துளியளவு கரியமில வாயுவும் உண்டு.

சிக்கல் இந்தப் பட்டியலிலேயே இருந்தது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒரே எடை உள்ளவை அல்ல. சம கொள்ளளவில் 8க்கு 7 என்ற விகிதம். கரியமில வாயு இரண்டையும்விடக் கனம். எண்ணெயையும் நீரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் எண்ணெய் மேலே வந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் கரியமில வாயு தரையோடு தரையாகப் படிந்து, அதன்மேல் ஆக்சிஜன், அதற்கும் மேல் நைட்ரஜன் என்று வானம் அடுக்கடுக்காக அல்லவா இருக்க வேண்டும்? பாய் விரித்துத் தரையில் படுப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏன்?

கரைந்ததா, கலந்ததா?

அந்தக் காலத்து வேதியியல் இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. காற்றிலுள்ள வாயுக்கள் ஒன்றையொன்று மெல்லிய வேதிக் கவர்ச்சியால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சேர்மம் என்று சொல்லுமளவுக்கு இறுக்கமாக இல்லாவிட்டாலும், கனமானது கீழே இறங்கிவிடாத அளவுக்கு அந்தப் பிடி போதும். பிரான்சில் பெர்தொலே போன்ற பெரிய ஆட்கள் இந்தப் பக்கம் நின்றனர்.

நீராவி விஷயத்தில் இந்த விடை இன்னும் பழையது. மோன்பெலியே நகரத்து மருத்துவர் ஷார்ல் லெருவா 1751இல் சொன்னது இது: உப்பு நீரில் கரைவதைப் போல நீர் காற்றில் கரைகிறது. வெந்நீரில் உப்பு அதிகம் கரையும். வெப்பக் காற்றில் நீர் அதிகம் கரையும். சுடுநீர்க் கரைசல் ஆறினால் உப்பு படிகமாகப் படியும். இரவில் காற்று குளிர்ந்தால் நீர் பனித்துளியாகப் படியும்.

ஒப்புமை அழகானது. அழகு காரணமாகவே அது அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது என்று சொன்னாலும் தவறில்லை. அதில் ஓர் ஓட்டை இருந்தது. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் நீர் ஆவியாகிறது. கரைப்பான் இல்லாத இடத்தில் எதில் கரைகிறது?

மழையை எண்ணிய ஆசிரியர்

இந்த ஓட்டையில் கைவைத்தவர் வேதியியலாளர் அல்ல. வானிலைக் குறிப்பு எழுதும் பள்ளி ஆசிரியர்.

ஜான் டால்டன் 1766இல் இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பர்லாந்தின் ஈகிள்ஸ்ஃபீல்டு கிராமத்தில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். ஏரிகளும் மலைகளும் ஓயாத மழையும் உள்ள வட்டாரம் அது. கெண்டல் ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில் ஜான் காஃப் என்ற அறிஞரின் நட்பு கிடைத்தது. குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர் காஃப். கணிதமும் மொழிகளும் சொல்லித்தந்ததோடு, வானிலையை நாள்தோறும் குறித்துவைக்கும் பழக்கத்தையும் அவரே டால்டனுக்கு ஊட்டினார்.

1787 மார்ச் 24 அன்று டால்டன் முதல் குறிப்பை எழுதினார். அந்தப் பழக்கம் 57 ஆண்டுகள், 1844இல் அவர் இறக்கும் நாள்வரை நிற்கவில்லை. கருவிகளில் பல அவரே செய்துகொண்டவை. மழைமானி, வெப்பமானி, பாரமானி என்று எதிலும் நகாசு வேலை கிடையாது. பிற்காலத்து விமர்சகர்கள் அவருடைய அளவீடுகளின் முரட்டுத்தனத்தைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்துத் தொங்கும் குணம் மட்டும் அவரிடம் வேண்டிய அளவு இருந்தது.

மழை எங்கிருந்து வருகிறது என்பதே அந்தக் கேள்வி. அதற்கு முன், மேலே போன நீர் காற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். 1793இல் வெளிவந்த வானிலைக் கட்டுரைத் தொகுப்பிலேயே டால்டன் தன் ஐயத்தை எழுதிவிட்டார்: நீராவி காற்றோடு வேதிமுறையில் சேரவில்லை, காற்றுக்குள் தனி வாயுவாகவே உலவுகிறது.

அதே ஆண்டு அவர் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். பருத்தி ஆலைகளின் புகை சூழ்ந்த அந்த நகரத்தில் இலக்கிய, தத்துவக் கழகம் ஒன்று 1781 முதல் இயங்கிவந்தது. 1794இல் டால்டன் அதன் உறுப்பினரானார். ஐயத்தை நிரூபிக்க மேலும் ஏழு ஆண்டுகள் பிடித்தன.

பாதரசம் இறங்கிய அளவு

சோதனை எளிமையானது. ஒரு முனை மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தால், அது சுமார் 30 அங்குல உயரத்தில் நிற்கும். மேலே மிஞ்சுவது டாரிசெல்லி வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் ஒரு துளி நீரைச் செலுத்தினால், துளியின் ஒரு பகுதி உடனே ஆவியாகிப் பாதரசத்தைக் கீழே தள்ளும். எத்தனை அங்குலம் இறங்குகிறதோ அதுவே அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம்.

80 பாகை ஃபாரன்ஹீட்டில் பாதரசம் சுமார் 1 அங்குலம் இறங்கும். 212 பாகையில், அதாவது நீரின் கொதிநிலையில், 30 அங்குலமும் இறங்கிவிடும்; ஆவியின் அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகிவிட்டது. உறைநிலை முதல் கொதிநிலை வரை இந்த அழுத்தத்தை டால்டன் ஒரு பட்டியலாகத் தொகுத்தார்.

இதுவரை வெற்றிடத்தின் கதை. அடுத்த படிதான் தீர்மானமானது.

வெற்றிடத்துக்குப் பதிலாகக் குழாயில் உலர்ந்த காற்றை வைத்தார். அதற்குள் நீர்த்துளியை விட்டார். காற்று ஏற்கெனவே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. நீர் அதில் கரைகிறது என்றால், ஆவியின் அளவு காற்றின் தன்மையையும் அடர்த்தியையும் பொறுத்து மாற வேண்டும். காற்று இரு மடங்கு அடர்த்தியானால் இரு மடங்கு நீரைக் கரைக்க வேண்டும். காற்றுக்குப் பதில் ஹைட்ரஜனோ கரியமில வாயுவோ இருந்தால் வேறொரு கணக்கு வர வேண்டும்.

எதுவுமே மாறவில்லை. வெற்றிடத்தில் 1 அங்குலம் தந்த ஆவி, காற்றுக்குள்ளும் அதே 1 அங்குலத்தைத்தான் கூட்டியது. காற்றின் 30 அங்குலத்தோடு 1 சேர்ந்து 31. வாயுவை மாற்றினாலும் 1. அடர்த்தியை மாற்றினாலும் 1. அங்கே வேறொரு வாயு இருக்கிறது என்பதே நீராவிக்குத் தெரியாதது போலிருந்தது.

நீரின் 1 அங்குலம் சிறியது, பிழைக்குள் மறைந்துவிடக்கூடியது. எனவே ஈதரைப் பார்ப்பது பயன்தரும். விரைவில் ஆவியாகும் அந்தத் திரவம், சாதாரண அறை வெப்பநிலையிலேயே காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பாதியை, சுமார் 15 அங்குலத்தைத் தந்துவிடும். குழாயில் அடைபட்ட காற்று விரிய இடமிருந்து, வெளியழுத்தம் 30 அங்குலமாகவே இருந்தால், ஈதர் ஆவி 15ஐச் சுமக்கும். காற்று மீதி 15ஐ மட்டும் சுமந்தால் போதும். சுமை பாதியானால், பாயில் விதிப்படி கொள்ளளவு இரு மடங்காக வேண்டும். அப்படியே ஆனது. கண்ணெதிரே காற்று இரு மடங்காக உப்பும் இந்தக் காட்சியைக் கரைசல் கோட்பாட்டால் விளக்குவது கடினம்.

வெளிக்காற்றின் ஈரத்தை அளக்கவும் இதே பட்டியல் உதவியது. ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த ஊற்றுநீரை ஊற்றினால் வெளிப்புறம் வியர்க்கும். துடைத்துவிட்டு, நீர் சற்றே வெதுவெதுப்பானதும் மறுபடி ஊற்ற வேண்டும். வியர்ப்பது நிற்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால், அன்றைய காற்றில் நீராவியின் பங்கு இத்தனை அங்குலம் என்று தெரிந்துவிடும். இந்த டம்ளர் உத்தி லெருவாவினுடையது. கரைசல் கோட்பாட்டைப் பிறப்பித்தவரின் கருவியே அதைக் கவிழ்க்கவும் பயன்பட்டது.

அக்டோபர் 1801

1801 அக்டோபர் 2, 16, 30 ஆகிய மூன்று நாட்களில் டால்டன் மான்செஸ்டர் கழகத்தில் தன் ஆய்வுகளை வாசித்தார். கலப்பு வாயுக்களின் அமைப்பு, ஆவியின் அழுத்தம், ஆவியாதல், வெப்பத்தால் வாயுக்கள் விரிதல் என நான்கு கட்டுரைகள். அடுத்த ஆண்டே அச்சில் வந்தன. எல்லாமே காலத்தை வென்றவை அல்ல; கொதிநிலையிலிருந்து ஒரே பாகை தூரத்தில் எல்லாத் திரவங்களின் ஆவி அழுத்தமும் சமம் என்று அதில் அவர் சொன்ன விதி பின்னாளில் பொய்த்தது.

பொய்க்காத விதி முதல் கட்டுரையில் இருந்தது. கலவையிலுள்ள ஒவ்வொரு வாயுவும், அந்த இடம் முழுவதிலும் தான் மட்டுமே இருந்தால் எந்த அழுத்தத்தைத் தருமோ அதையே தருகிறது. கலவையின் மொத்த அழுத்தம் இவற்றின் கூட்டுத்தொகை. இன்றைய பாடநூல்கள் இதைப் பகுதி அழுத்த விதி என்கின்றன.

ஒரே முற்றத்தைப் பகிரும் ஒண்டுக்குடித்தனங்களை நினைத்துக்கொள்ளலாம். முற்றம் முழுவதும் எல்லோருக்கும் உரியது, வரவு செலவு மட்டும் தனித்தனி. உண்மையான ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் சண்டை இங்கே கிடையாது என்பதுதான் வேறுபாடு.

பாரமானியின் 30 அங்குலப் பாதரசத்தை டால்டன் குடித்தனக்காரர்களிடையே பிரித்தும் காட்டினார். 1802 நவம்பரில் வாசித்த இன்னொரு கட்டுரையின் கணக்கு: நைட்ரஜன் 23.36 அங்குலம், ஆக்சிஜன் 6.18, நீராவி 0.44, கரியமில வாயு 0.02. கூட்டினால் சரியாக 30.

ஏன் இப்படி? இங்கே டால்டன் நியூட்டனிடம் போனார். வாயுத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதாகவும், அந்த விசை தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால் பாயில் விதி கிடைக்கும் என்று நியூட்டன் கணக்கிட்டிருந்தார். அது 'அப்படி இருந்தால்' என்ற நிபந்தனையோடு வந்த கணக்கு மட்டுமே. டால்டன் அதை உண்மை நிலவரமாகவே எடுத்துக்கொண்டு ஒரு திருத்தம் சேர்த்தார்: துகள்கள் தன் இனத்தை மட்டுமே தள்ளும். ஆக்சிஜன் துகள் ஆக்சிஜனைத் தள்ளும், நைட்ரஜனைக் கண்டுகொள்ளாது. கட்டுரையோடு வந்த படத்தில் நான்கு வாயுக்களின் துகள்களையும் வெவ்வேறு குறிகளால் காட்டியிருந்தார். பின்னாளில் உலகறிந்த அவருடைய அணுக் குறியீடுகளுக்கு இந்தப் படத்தை முன்னோட்டம் எனலாம்.

இரண்டு குப்பிகள்

அடுக்கு வானம் ஏன் இல்லை என்ற பழைய கேள்விக்கும் விடை தயாரானது. கனமான வாயு கீழே தங்க வேண்டுமென்றால், மேலுள்ளது அதன்மேல் 'உட்கார' வேண்டும். கண்டுகொள்ளாத ஒன்றின்மேல் எப்படி உட்காருவது?

கலந்த வாயுக்கள் தாமாகப் பிரியாது என்பதைப் பிரீஸ்ட்லியும் அறிந்திருந்தார். ஆனால் கனமானதைக் கீழேயும் லேசானதை மேலேயும் கலக்காமல் மெல்ல வைத்தால் அவை அப்படியே நின்றுவிடும் என்று அவர் கருதினார். 1803 ஜனவரியில் டால்டன் அதைச் சோதித்தார். இரண்டு சிறு குப்பிகள். நடுவே 10 அங்குல நீளத்தில் மெல்லிய குழாய். கீழ்க்குப்பியில் கரியமில வாயு, மேல்குப்பியில் ஹைட்ரஜன். எடையில் ஒன்று மற்றதைப் போல் 22 மடங்கு. எதையும் அசைக்காமல் சில மணி நேரம் விட்டுவைத்தார்.

கரியமில வாயு மேலே ஏறியிருந்தது. ஹைட்ரஜன் கீழே இறங்கியிருந்தது.

எதிரணியில் குரு

விதி உடனே ஏற்கப்படவில்லை. எடின்பரோவில் தாமஸ் தாம்சனும் பிரான்சில் பெர்தொலேயும் மறுத்தனர். வேதிக் கவர்ச்சியைக் கைவிட்டால் கையில் மிஞ்சுவது இயந்திரப் பொம்மை விளையாட்டுதான் என்பது போன்ற அவநம்பிக்கை அது. 1803 முதல் இன்னொரு எதிர்ப்பாளரின் கட்டுரைகள் டால்டனின் சொந்தக் கழகத்திலேயே வாசிக்கப்பட்டன. கெண்டலிலிருந்து அவற்றை அனுப்பியவர் ஜான் காஃப். வானிலைக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்த அதே குரு.

திருப்பம் நண்பர் வில்லியம் ஹென்றியிடமிருந்து வந்தது. அவரும் தொடக்கத்தில் விதியை ஏற்காதவர்தான். மான்செஸ்டரில் செயற்கைத் தாதுநீர், இன்றைய சொல்லில் சோடா, தயாரித்த குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி, நீர் எவ்வளவு வாயுவை உறிஞ்சுகிறது என்று அளந்துவந்தார். அழுத்தம் இரு மடங்கானால் கரையும் வாயுவும் இரு மடங்காகிறது. ஆனால் அந்த அழுத்தம் அதே வாயுவின் அழுத்தமாக இருக்க வேண்டும். வேறொரு வாயுவை எவ்வளவு திணித்தாலும், கரைந்திருக்கும் கரியமில வாயுவை அது பிடித்துவைக்காது. சோடாவைத் திறந்துவைத்தால் வெளியே 30 அங்குலக் காற்று அழுத்திக்கொண்டிருந்தும் கரியமில வாயு ஓடிவிடுவது இதனால்தான். வெளியிலுள்ள கரியமில வாயுவின் பங்கு மிகச் சொற்பம். தன் எண்களே டால்டன் பக்கம் நிற்பதைக் கண்ட ஹென்றி 1804இல் வெளிப்படையாகக் கட்சி மாறினார். ஒவ்வொரு வாயுவும் மற்றொன்றுக்கு வெற்றிடம் போன்றது என்று அந்தக் கருத்தைச் சுருக்கிச் சொன்னவரும் அவரே.

அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று பாரிஸில் கே-லுசாக் பலூனில் தனியாக ஏறி 7,000 மீட்டரைத் தாண்டினார். 6,000 மீட்டருக்கும் மேலே குப்பியில் பிடித்துவந்த காற்றில் ஆக்சிஜனின் பங்கு பாரிஸ் தெருக்காற்றில் இருந்த அளவேதான். அடுக்கு வானம் அன்றோடு ஒழிந்தது. டால்டனுக்கும் இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு வாயுவும் தனி வானம் என்றால், கனமான ஆக்சிஜன் உயரே போகப் போகச் சற்று வேகமாகக் குறைய வேண்டும். காற்றோட்டம் கீழுள்ளதை ஓயாமல் கடைந்து மேலே ஏற்றிக்கொண்டிருப்பதால் அந்த உயரத்தில் அது புலப்படுவதில்லை.

விதி சரி, காரணம் தவறு

விதி நிலைத்தது; தன்னினத்தை மட்டும் தள்ளும் துகள்கள் நிலைக்கவில்லை. டால்டனே சில ஆண்டுகளில் அந்த விளக்கத்தைக் கைவிட்டு, வெவ்வேறு வாயுக்களின் துகள்கள் வெவ்வேறு பருமனுள்ளவை என்பதால் அவை ஒன்றோடொன்று சமநிலை கொள்ள முடியாது என்று வேறொன்றைச் சொன்னார். அதுவும் தவறு.

சரியான காரணம் அச்சில் ஏற்கெனவே இருந்தது. 1738இலேயே தானியேல் பெர்னூலி, வாயுவின் அழுத்தம் என்பது பறந்து திரியும் துகள்கள் சுவரில் மோதுவதால் வருவது என்று எழுதியிருந்தார். கவனிப்பார் இல்லை. டால்டன் வயதான காலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த மான்செஸ்டர் சிறுவன் ஜேம்ஸ் ஜூலும், பிறகு கிளாசியஸும் மேக்ஸ்வெல்லும் அதை மீட்டெடுக்க 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரவேண்டியிருந்தது.

அவர்களின் விளக்கத்தில் விதி தானாகவே விழுகிறது. சாதாரணக் காற்றில் மூலக்கூறுகளுக்கு இடையிலான தூரம் அவற்றின் குறுக்களவைப் போல் சுமார் 10 மடங்கு. அந்த இடைவெளியில் அவை ஒன்றையொன்று தள்ளுவதுமில்லை, ஈர்ப்பது என்று சொல்லுமளவுக்கு ஈர்ப்பதுமில்லை. ஒவ்வொன்றும் சுவரில் மோதுவது அது தனியாக இருந்தால் மோதுவதைப் போலத்தான். ஒரே வெப்பநிலையில் கனமான மூலக்கூறு மெதுவாகவும் லேசானது வேகமாகவும் பறக்கிறது. சராசரி இயக்க ஆற்றல் இரண்டுக்கும் சமம். ஆகவே அழுத்தத்தில் ஒரு வாயுவின் பங்கை முடிவுசெய்வது தலைக்கணக்கு மட்டுமே. 100 மூலக்கூறுகளில் 21 ஆக்சிஜன் என்றால், 760 மில்லிமீட்டர் அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு 160. மிக உயர்ந்த அழுத்தத்தில் மூலக்கூறுகள் நெருங்கி வரும்போது மட்டும் இந்தக் கணக்கு பிசகத் தொடங்குகிறது.

தலைக்கணக்கு என்ற இந்தத் திறவுகோல் 1803இல் டால்டனிடம் இல்லை. துகளின் இனத்திலும் பருமனிலும் காரணத்தைத் தேடிய அவர், அந்தத் தேடலில் வேறொரு கதவின் முன் போய் நின்றார்.

நண்பர் ஹென்றியின் எண்களில் ஒரு முரண் உறுத்தியது. ஒரே அழுத்தத்தில், ஒரே நீர். அது கரியமில வாயுவை ஏறத்தாழ தன் கொள்ளளவுக்கே உறிஞ்சுகிறது. ஆக்சிஜனை 100இல் 3 பங்கு அளவுக்குத்தான் ஏற்கிறது. நைட்ரஜனை அதிலும் பாதி. வாயுக்கள் நீருக்குள் வெறும் அழுத்தத்தால் புகுகின்றன என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே வரவேற்பல்லவா கிடைக்க வேண்டும்? துகள்களின் எடையும் எண்ணிக்கையும் வேறுபடுவதால் இருக்கலாம் என்று டால்டன் ஊகித்தார். 1803 செப்டம்பர் 6 அன்று குறிப்பேட்டைத் திறந்து ஒரு பட்டியல் போடத் தொடங்கினார்.

கண்ணுக்கே தெரியாத ஒரு துகளை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

(தொடரும்)